வார்டன் நெற்றியில் ஒட்டிய ஸ்டிக்கர்

வீரபாண்டி டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் பனியன் கம்பெனிப் பெண்கள் இருவர். இளையவள் சொன்னாள்:

"மனவளர்ச்சி குன்றினவங்க ஹோமுல எந்தம்பி இருக்கறானல்லங்க்கா, வார்டன் நெத்தியிலயே ஸ்டிக்கர் ஒட்டிப்புட்டான்."

"என்ன ஸ்டிக்கரு கண்ணு?"

"பனியன்ல ஓட்டை இருந்தா செக்கிங்ல ஒட்டுவமே, அந்தச் செவப்பு அம்புதானுங்க. வெளையாடக் குடுத்தேன். ஒழுகற கொழாய், தாப்பாளில்லாத கக்கூசு, தண்ணிச் சாம்பார் குண்டா, ஒண்ணு வுடலீங்க."

"வார்டன் என்ன பண்ணுனாராம்?"

"பகல்லயே தூங்கியிருக்காருங்க. இப்பக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு குதிக்கறாரு."

"மறுக்கா எப்பப் போற?"

"ஷிப்மெண்ட் இருக்குதுங்களே, தீவாளி கழியட்டும். அவன் கோவிச்சுக்க மாட்டானுங்க. இன்னிக்குக் கெளம்பறப்பக் கூட கட்டிப்புடிச்சுக்கிட்டான்."

ஸ்டாப் வந்ததும் இளையவள் எழுந்தாள். முதுகில், ரவிக்கையின் மேல், ஒரு சிவப்பு அம்பு.