மடலில் ஒரு திருத்தம்

ஞாயிற்றுக்கிழமைகளிலும் உங்கள் கிளினிக்கில் ஏசி நன்றாக ஓடுகிறது, டாக்டரம்மா. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தை எங்களைப் போல் பொழுதுபோக்காக வாத்தியம் வாசிப்பவர்களுக்கு விட்டுக்கொடுத்து, பிளாஸ்டிக் நாற்காலிகளையும் நீங்களே வட்டமாகப் போட்டு வைக்கிறீர்கள். பல் பிடுங்கும் ஒருவருக்கு இத்தனை நல்ல மனசு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் நீங்கள் கேட்டதும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் மச்சினனை உங்களுக்குத் தெரியும். குடிநீர் அலுவலகத்தில் வேலை, வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். வயலின் வாங்கிய பிறகுதான் ஆள் கொஞ்சம் கலகலப்பானான். என் மனைவிக்குத் தம்பி என்றால் உயிர். "அவன் மொகத்துல இப்பத்தாங்க களையே வந்திருக்கு. எந்நேரமும் கம்ப்யூட்டர்ல எதையோ தேடுறீங்களே, அவனுக்கு உபயோகமா ஏதாவது பாத்துக் குடுங்க," என்றாள்.

தேடினேன். வாத்தியம் பழகுகிறவர்களுக்கென்று மின்னஞ்சலில் வரும் செய்திமடல்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றன. பாதி, வயலின் தந்தி விற்கிறவர்கள் எழுதுவது. மீதியில் பெரும்பாலும், சீக்கிரமே மேதையாகிவிடலாம் என்று ஆசை காட்டுவது. எல்லாவற்றையும் சலித்து, ஒரே ஒரு நல்ல மடலைக் கண்டுபிடித்தேன். வாரம் ஒரு பயிற்சி, வேறு வளவளப்பு கிடையாது. அதை அவனுக்குச் சேர்த்துவிட்டேன். அது தவறு என்று இப்போதும் நினைக்கிறேன். இந்த விஷயத்தில் என்மேல் உள்ள தவறு அது ஒன்றுதான்.

மீட்டர் பார்ப்பது போலவே பயிற்சியையும் செய்தான், சொன்னதைச் சொன்னபடி. மழைக்காலம் முடிவதற்குள் அவன் வாசித்தால் நீங்கள் உங்கள் செல்லோ வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். நம் வருடக் கச்சேரியில் தனியாக வயலின் வாசிப்பது எப்போதும் நான்தான். அந்த இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, "நீங்க இந்த வருஷம் ரெஸ்ட் எடுங்க," என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்கு வருத்தமில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது நன்றாகத் தெரிகிறதா, அது நன்றாகத் தெரிகிறதா என்று கேட்பேன். எதை அழுத்திச் சொல்கிறேனோ அதுதான் நன்றாகத் தெரிகிறது என்பார்கள். மனிதர்களுக்கு உறுதியாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆகவே நானே ஒரு மடல் ஆரம்பித்தேன், தள்ளாத வயதில் ஒரு மேதை எழுதுவது போல. பழைய மடல் ஆரம்பக்காரர்களுக்கானது, இனி உன் தரத்துக்கு இதுதான் என்று மச்சினனிடம் சொல்லி, பழையதை நிறுத்த வைத்தேன். என் மடலுக்குச் சந்தாதாரர் அவன் ஒருவன்தான்.

முதலில் நான் அதிகம் கேட்கவில்லை. தந்திகளுக்கும் அலுப்பு உண்டு, வேலைநாட்களில் தொடாதீர்கள் என்று எழுதினேன். தொடவில்லை. வயலின் ஓர் அறையில், நீங்கள் அடுத்த அறையில் என்று இருந்து பயிற்சி செய்யுங்கள் என்றேன். செய்தான். இதுவரை வருத்தியதற்குக் காலையில் அதனிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று எழுதியது கொஞ்சம் அதிகப்படியோ என்று எனக்கே தோன்றியது. என் மனைவி போய்ப் பார்த்தபோது, அவன் வயலின் பெட்டிக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். என்னடா இது என்று கேட்டதற்கு, "அது இன்னும் மன்னிக்கலக்கா," என்றானாம். வீட்டுக்கு வந்து அழுதாள். கலைஞர்கள் அப்படித்தான் என்று நான் சமாதானம் சொன்னேன்.

ஆனால் அவன் வாசிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. அந்த இனிமையெல்லாம் அவன் வயலினில்தான் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் கடைசியாக ஒரு மடல் எழுதினேன். 'உண்மையான கலைஞன் வாத்தியத்தையே துறப்பவன். உங்களுக்குத் தெரிந்தவர்களில் மிக நன்றாக வாசிப்பவரிடம் அதை ஒப்படையுங்கள்.' எழுதி அனுப்பிவிட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். நீங்கள் செல்லோ வாசிக்கிறவர், உங்களுக்கு எதற்கு வயலின்? மறுநாளே திருத்தம் வெளியிட்டேன். 'மிக நன்றாக வாசிப்பவர் என்பதை, இசை மிகவும் தேவைப்படுபவர் என்று கொள்ளவும். பிழைக்கு வருந்துகிறோம்.'

அந்தத் திருத்தத்தை உங்களிடம் காட்டித்தான் வயலினைத் திரும்ப வாங்கியிருக்கிறான். வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். "படிச்சதும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு அத்தான். வேற யாருமே தோணல," என்றான். அவன் பெருந்தன்மை எனக்குப் பிடித்திருந்தது. கையில் வாத்தியம் இல்லாதவனைத் தனியாக வாசிக்கச் சொல்ல முடியாது என்பதால், என் இடமும் எனக்கே வந்து சேர்ந்தது.

ஆமாம், நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். மடல் எழுதியது நான். நேற்றுக் கச்சேரியில் வாசித்தது அவன் வயலின். ஆனால் என் சத்தம் பழையபடியேதான் இருந்தது என்று சொன்னீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதே வயலின், அதே பாட்டு. அப்படியானால் குறை காதுகளில்தான் இருக்கவேண்டும். உங்கள் மேசையில் இருந்த பஞ்சுச் சுருள் வரிசை வரிசையாகக் கைமாறிப் போனதை நானும் பார்த்தேன். எனக்குக் கோபமில்லை. கேட்பவர்களுக்கென்று ஒரு மடல் ஆரம்பித்துவிட்டேன். முதல் இதழ் இந்நேரம் உங்களுக்கு வந்திருக்கும்.

மச்சினனுக்கு மட்டும் அதை அனுப்பவில்லை. அவனுக்கு அது தேவையில்லை. பஞ்சு வந்தபோது வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, வயலினையே பார்த்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை அழுதுகொண்டே இருந்தான். இத்தனை வருடத்தில் என் வாசிப்பு ஒருவரையாவது அப்படி உருக வைத்திருக்கிறது, டாக்டரம்மா.