நீக்க முடியாத பத்தி

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ள விட்டதற்கு நன்றி. மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். வயது ஆகிறது இல்லையா.

கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், மழுப்ப மாட்டேன். ஆனால் என் வேலை என்னவென்று தெரியாவிட்டால் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது, ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன். நான் செயல்திறன் தணிக்கைக்காரன். பணம் எங்கே போயிற்று என்று பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். ரசீது இருந்தால் அவர்களுக்குப் போதும். அரசாங்கம் பணம் போட்டுச் செய்த காரியம் ஜனங்களுக்கு உருப்படியாக உதவுகிறதா என்று பார்ப்பது எங்கள் பாடு. எந்தெந்தத் துறைக்குப் போகப்போகிறோம் என்று வருடத் தொடக்கத்திலேயே திட்டம் போட்டு அறிவித்துவிடுவோம். அதனால் நாங்கள் போகிற இடமெல்லாம் புதுச் சுண்ணாம்பு வாசம் அடிக்கும். ஆபீஸ் குழாயில் அன்றைக்குத்தான் தண்ணீர் வரும்.

இதில் ஒரு நடைமுறை இருக்கிறது. கண்டுபிடித்த குறையை எழுதி, அறிக்கை அச்சாகும் முன்பு சம்பந்தப்பட்ட துறைக்கே அனுப்ப வேண்டும். அவர்கள் அதைச் சரிசெய்து, 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று ஒரு புகைப்படத்தோடு பதில் போட்டால், அந்தப் பத்தியை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

பிரசவ ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடவில்லை என்று ஒருமுறை எழுதினேன். நிறைமாதப் பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறுவதை நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து எழுதிய பத்தி அது. அனுப்பிய வாரமே லிஃப்ட் ஓடியது. படம் வந்தது, கண்காணிப்பாளர் லிஃப்டுக்குள் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பத்தி போயிற்று. அறிக்கை வெளியான மறுமாதம் லிஃப்ட் பழையபடி படுத்துக்கொண்டது. மேலதிகாரியிடம் போய்ப் புலம்பினேன்.

"அவங்கதான் சரி பண்ணிட்டாங்களே, அப்புறம் ஏன்யா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறே?" என்றார்.

என் உத்தியோகம் முழுவதும் இதே கதைதான். நான் எழுதிய அறிக்கைகள் அலுவலக நூலகத்தில் தடிதடியாக இருக்கின்றன. நான் மனசாரச் சொல்ல நினைத்த ஒரு பத்திகூட அவற்றில் கிடையாது. மிஞ்சியதெல்லாம் மேஜை நாற்காலி வாங்கிய விவகாரங்கள்தான். எனக்கு வயிறு எரிந்தது. இதை ஒளிக்கவில்லை.

போன வருடத் திட்டத்தில் வெள்ள எச்சரிக்கைச் சேவை இருந்தது. ஆற்றங்கரைத் தெருக்களில் உயரக் கம்பங்களில் அபாயச் சங்கு வைத்திருக்கிறார்களே, அதுதான். அணையில் மதகு திறந்தால் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பொத்தானை அழுத்துவார், கரையில் சங்கு ஊதும், ஜனங்கள் மேட்டுக்கு ஓடிவிடுவார்கள். வாராவாரம் சோதனையும் உண்டு. ஆனால் சத்தம் காதைப் பிளக்கிறது என்று யாரோ மனுப் போட்டதில், சோதனையைச் சத்தமில்லாத சோதனையாக மாற்றியிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் பலகையில் பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான்.

"விளக்கு எரியுதுல்ல சார், அப்ப எல்லாம் சரியா இருக்குன்னுதான் அர்த்தம்" என்றார் பொத்தான்காரர். நல்ல மனிதர். ஒரு நாளும் சோதனையைத் தவறவிட்டதில்லை.

ஒரு லைன்மேனை அழைத்துக்கொண்டு தாழ்வான தெருவுக்குப் போய்க் கம்பத்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த கம்பி பெட்டி வரை வந்து நின்றிருந்தது. அங்கிருந்து மேலே சங்குக்குப் போகும் கம்பியை யாரும் இணைக்கவே இல்லை. பச்சை விளக்கு பெட்டியோடு பேசிக்கொண்டிருந்ததே தவிர, சங்குக்கு ஒன்றும் தெரியாது. கம்பம் நட்ட நாள் முதல் அது வெறும் அலங்காரம்.

"அட, இவ்வளவுதானா! அரை மணி நேர வேலை சார், இப்பவே மாட்டிடவா?" என்று லைன்மேன் இடுப்பிலிருந்த குறடை எடுத்தார்.

தொடாதே என்றேன். இது தணிக்கைச் சான்று, அறிக்கை வரும்வரை யாரும் கைவைக்கக் கூடாது, வெளியிலும் பேசக் கூடாது என்றேன். பெட்டியை மூடி, எங்கள் முத்திரையை ஒட்டினேன். அவர் குறடைத் திரும்பச் செருகிக்கொண்டார்.

"மழைக்கு முன்னாடி சொல்லிடுவீங்கல்ல சார்?"

"அதெல்லாம் எழுத்துல முறையாப் போகும்" என்றேன். பாவம், நம்பிவிட்டார்.

மற்றக் கம்பங்களையும் திறந்து பார்த்தேன், எல்லாம் இதே கதிதான். ஆனால் துறைக்கு நான் எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று எனக்கு மனப்பாடம். ஒரே நாளில் கம்பியை மாட்டுவார்கள், யாராவது கம்பத்தடியில் நின்று பல்லைக் காட்டுவார்கள், பத்தி போய்விடும். மழைக்காலத்தில் நேரில் கவனித்த பிறகே சங்கைப் பற்றி முடிவு சொல்ல முடியும் என்று திட்டத்தைத் திருத்தினேன். மேலதிகாரி என் சிரத்தையைப் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார்.

உயிர்ச்சேதம் ஏற்படும் என்று நான் நினைக்கவே இல்லை. முழங்கால் அளவு தண்ணீர் வரும், சாமான்கள் நனையும், சங்கு ஊதவில்லை என்று ஊர் கொதிக்கும், அந்தக் கொதிப்பில் என் பத்தி நிற்கும். இவ்வளவுதான் என் கணக்கு. இதைத் தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.

அக்காவைப் பற்றிக் கேட்கிறீர்கள். என்னை வளர்த்தவள் அவள்தான். அந்தத் தாழ்வான தெருவில், சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். மழை தொடங்கும் முன்பு அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்தது உண்மை.

"என் வீடு வாசலை விட்டுட்டு உன் வீட்ல வந்து நான் என்னடா பண்ணப்போறேன்?" என்று முரண்டு பிடித்தாள். ஈரம் உன் மூட்டுவலிக்கு ஆகாது என்று சொல்லிக் கையோடு கூட்டி வந்தேன். மூட்டுவலி அவளுக்கு நிஜமாகவே உண்டு.

வெள்ளம் வந்த அன்று விடிகாலை குடையோடு அந்தத் தெருக் கம்பத்தடிக்குப் போய் நின்றேன். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மதகைத் திறந்துட்டாங்க சார், பொத்தானை அழுத்திட்டேன், பச்சை எரிஞ்சிடுச்சு" என்றார் அவர். அண்ணாந்து பார்த்தேன். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தண்ணீர் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும். கவனித்தேன், குறித்துக்கொண்டேன், மேட்டுக்கு ஏறிவிட்டேன். பிறகு நடந்ததை நீங்களே பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் முழங்காலோடு நிற்கவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு பத்தியை அனுப்பினேன், துறை எல்லாக் கம்பங்களிலும் கம்பியை மாட்டியது. வழக்கம்போலப் படங்களோடு பதில் வந்தது. ஆனால் இந்தமுறை பத்தியை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கம்பியை நிவர்த்தி செய்யலாம், செத்தவர்களை எப்படி நிவர்த்தி செய்வது? ஒரு சொல்கூட மாறாமல் அச்சில் வந்தது. மேலதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்றால் தப்பாக நினைக்காதீர்கள்.

அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டியதுதான் என் முட்டாள்தனம். அவள் பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வாசித்தாள். சங்கு வேலை செய்யாதது கோடையிலேயே கண்டறியப்பட்டது என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னை மட்டும் ஏன்டா கூட்டிட்டு வந்தே?"

நான் மூட்டுவலி என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம் புகார் கொடுக்க வந்திருக்கிறாள். மறுபடி என் வீட்டுப் படி ஏறவில்லை. அது எனக்கு வலிக்கிறது. என் சொந்த அக்கா.

நீங்களும் அதே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். பரவாயில்லை. நீங்கள் கேட்காத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு வேறு யாரும் மிஞ்சவில்லை.

நான் கம்பத்தடியில் நின்றபோது அக்காவின் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கதவைத் திறந்தார். எட்டு ஊருக்குக் கேட்கிற குரல் அவருக்கு. ஒரு சத்தம் போட்டால் தெருவே எழுந்துவிடும்.

"யாரு, தம்பியா? இந்த மழையில இங்க என்ன பண்றீங்க? அக்கா சௌக்கியமா?" என்றார். பிறகு ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "தண்ணி ஏறுதோ? பிள்ளைங்கள எழுப்பிடட்டுமா தம்பி?"

எழுப்புங்கள் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரு முழுக்க மேட்டுக்குப் போய்விடும். மக்கள் உரிய நேரத்தில் வெளியேறினார்கள் என்று துறை பதில் எழுதும்.

"சங்கு ஊதலையேக்கா" என்றேன்.

"அதுவும் சரிதான். ஊதினா எங்க தெருவுக்குத்தான் முதல்ல கேக்கும்" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

நான் சொன்னதில் பொய் இல்லை, சங்கு ஊதத்தான் இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொல்லையும் எடுத்துவிட வேண்டாம்.