பூமணிக்கு அலுமினியம்

கஹவத்தையிலிருந்து றக்வான செல்லும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்.

"பூமணிக்கு செருப்பு கெடச்சிருச்சு. கடை நானா கொழும்புல இருந்து எடுத்துக் கொடுத்தாரு. அலுமினியம். தூக்கிப் பாரு, கனமே இல்ல."

பூமணி என்பது தோட்டத்துத் துரையின் குதிரை, அதைப் பராமரிப்பவர் இவர் என்பதும், ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் பந்தயம் என்பதும் பேச்சில் தெரிந்தன.

"போன தடவ இரும்பு லாடத்தோட கடைசியா வந்துச்சு. லயத்துச் சனமே சிரிச்சுச்சு. இந்தத் தடவ பாரு."

"அப்ப இன்னைக்கே லாடத்த அடிச்சு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஐயோ, நம்ம ரோட்டுக் கல்லுல தேஞ்சிரும் புள்ள. ரேஸுக்கு முந்தின நாள்தான் அடிக்கணும். லொறியில ஏத்திட்டுப் போவமா?"

"சாமி கும்பிட லொறியிலயா? லாடத்த மட்டும் தட்டுல வச்சு பூசாரிகிட்ட கொடுங்க."

"செருப்பையா?"

"இன்னும் கால்ல போடலையே!"

பஸ்ஸே சிரித்தது. கடைத்தெருவில் பஸ் நின்றதும் அவர் எழுந்தார்.

"அப்ப நான் எறங்கி தேங்கா வாங்கிட்டு வாறேன்."

"ரெண்டா வாங்குங்க. ஒன்னு இப்ப சாமிக்கு. தோத்து வந்தாலும் பூமணிக்கு ஒன்னு ஒடைக்கணும்."