குலுக்கிப் பார்த்த பெட்டி

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க மேடம், அது எங்கக்காவோடது. இந்த நாற்காலியில இருக்கற துணிய எடுத்துட்டு உக்காருங்க. ஐய, கீழ வெச்சுடாதீங்க. வெள்ளை யூனிஃபார்ம், அழுக்கானா பள்ளிக்கூடத்துக்காரங்க என்னையத்தான் பிடிப்பாங்க. மடியில வெச்சுக்கங்க, ஒண்ணும் ஆகாது.

புகார்ப் பெட்டியத்தானே? திறக்கலாம், திறக்கலாம். எங்க ஓடிடப் போகுது. ரெண்டு வருஷமா அதே மோட்டார் ரூம் சுவத்துல, அதே ஆணியிலதான் தொங்குது. உங்க ஆபீஸ்ல அதுக்கு சாவி இருக்குன்னு ரெண்டு வருஷம் கழிச்சு யாருக்கோ ஞாபகம் வந்ததே பெரிய விஷயம். பத்து மணிக்கு எல்லார் முன்னாடியும் திறப்போம்னு நோட்டீஸ் ஒட்டிட்டு, எட்டரைக்கே வந்து நிக்கறீங்க. என்ன, ஆளு சேர்றதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாத்துக்கலாம்னா?

அப்படி இல்லயா. சரி, அப்படியே வெச்சுக்கலாம்.

நான் யாருன்னா கேக்கறீங்க? உங்க ஃபைல்ல இருக்குமே. மக்கள் கண்காணிப்புக் குழுச் செயலாளர். ஏழு பேர் கொண்ட குழு. போட்டோ போட்டு அட்டை குடுத்தீங்க, கழுத்துல மாட்டிக்கக் கயிறோட. அட்டை எங்க போச்சோ தெரியல, கயிறு இருக்கு. இதோ கத்திரிக்கோல் தொங்குது பாருங்க, அதுதான்.

ஒரு நாள் முழுக்க உக்கார வெச்சு வகுப்பு எடுத்தீங்க எங்களுக்கு. வெளிநாட்டு ஜனங்க கட்டற வரியில உங்களுக்குக் குழாய் வருது, கான்ட்ராக்டர் ஏமாத்திடக் கூடாது, அதிகாரிங்க கண்ண மூடிக்கக் கூடாது, அதனால நாங்க உங்களுக்குக் கண்ணு, நீங்க எங்களுக்குக் கண்ணுன்னாரு உங்க சார். யாரு யாருக்குக் கண்ணுன்னு எனக்கு அன்னைக்கே குழப்பந்தான். ஆனா தலைய ஆட்டினேன். எல்லாரும் ஆட்டினோம்.

எந்த சாரா? உங்களுக்கு முன்னாடி இந்த ஏரியாவைப் பாத்துக்கிட்டவரு. பேரெல்லாம் எங்களுக்கு வாயில நுழையல, தெருவுல அவருக்கு குலுக்கு சார்னு பேரு. ஏன்னா? மாசா மாசம் முதல் செவ்வாய்க்கிழமை வருவாரு. வண்டிய நிறுத்துவாரு. நேரா பெட்டிகிட்ட போவாரு. திறக்க மாட்டாரு மேடம். ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆணியோட சேத்து ஒரு குலுக்கு குலுக்குவாரு. காதை வெச்சுக் கேப்பாரு. சத்தம் வரலேன்னா நோட்டுல புகார் சைபர்னு எழுதிக்கிட்டு, என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போயிடுவாரு. சாவி ஆபீஸ்ல பத்திரமா இருக்குங்க, அதை அடிக்கடி எடுத்தா தொலைஞ்சிடும்பாரு.

சிரிக்காதீங்க. எங்களுக்கும் அப்ப சிரிப்பாத்தான் இருந்துச்சு.

தண்ணி குடிங்க. அந்தக் குழாய்த் தண்ணிதான். நல்லாத்தான் இருக்கும், தண்ணிய நான் குறை சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி நாங்க குடிச்சதை நீங்க வாயில வெச்சிருக்க மாட்டீங்க. குழாய் வந்த அன்னைக்கு நானும் எங்கக்காவும் கடைய மூடிட்டு, அங்க போயி தலையோட நனைஞ்சுட்டு வந்தோம். நாப்பது வயசுல.

அக்கா எனக்கு மூணு வயசு மூத்தவ. அவ வெட்டுவா, நான் தைப்பேன், அதான் எங்க தொழில். பதினெட்டு வருஷம். ஆளைக் கண்ணால பாத்தே அளவு சொல்லிடுவா. உங்களைப் பாத்திருந்தா, தோள் பதினாலரை, கை இன்னும் அரை இஞ்ச் விடணும்னு இந்நேரம் சொல்லியிருப்பா. இப்ப வெளிய வெட்டக் குடுக்கறேன். வெட்டறவன் பிடரிப் பக்கம் ஒவ்வொண்ணையும் கோணலாக்கிடறான், நான் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கறேன்.

அவளுக்கு என்ன ஆச்சுன்னுதானே கேக்க வந்தீங்க? அப்ப ஏன் சுத்தி வளைக்கறீங்க. விபத்துன்னு உங்க காகிதத்துல எழுதியிருக்குமே, படிங்க.

ஈரக் கையால் தொட்டதால். ஆங், அதேதான். மேடம், குழாயடி அது. குழாயடிக்குக் கைய நல்லா துடைச்சுக்கிட்டு வர்றவங்க எந்த ஊர்ல இருக்காங்க, சொல்லுங்க, நானும் ஒருக்கா போயிப் பாத்துட்டு வர்றேன். மோட்டார் ரூமை ஒட்டி இரும்புத் தூண் ஒண்ணு நிக்குது பாருங்க, அதைப் பிடிச்சுக்காம குடத்தை இடுப்புல ஏத்த முடியாது. ஏத்திப் பாருங்க வேணும்னா. அதுல கரண்ட் ஏறியிருக்கு. அப்படியே பிடிச்சுக்கிச்சு அவளை. பக்கத்துல இருந்த பால்காரர் மரக்கட்டையால அடிச்சு விலக்கலேன்னா இன்னைக்கு இந்த ஸ்டூலுக்கு நான் காவல் காக்க வேண்டியதில்ல. உயிர் தப்பிச்சா. வலது கையில பெருவிரலும் அடுத்த விரலும் மடங்காது. கத்திரிக்கோல் பிடிக்க அந்த ரெண்டும் வேணும்.

மறுநாளே கான்ட்ராக்டர் ஆளு ஒருத்தன் சைக்கிள்ல வந்தான். மோட்டார்ல இருந்து மண்ணுக்கு ஒரு எர்த் கம்பி இழுத்துப் பதிச்சுட்டுப் போனான். அரை மணி நேரம். நான் ஒரு சட்டைக்குக் காலர் வெச்சு முடிக்கல, அவன் வேலை முடிஞ்சிருச்சு. அந்தக் கம்பி முதல்ல இருந்தே அங்க இருக்க வேண்டியதாம்.

அடுத்த வாரம் நீங்க வந்தீங்க. நீங்கன்னா, உங்க ஆளுங்க. விழிப்புணர்வு முகாம். ஈரக் கையில் மின்சாரத்தைத் தொடாதீர்னு கலர் கலரா படம். என் கடைச் சுவத்துலயும் ஒண்ணு ஒட்டினாங்க. அக்கா ஆஸ்பத்திரியில இருக்கா, நான் இங்க பசை காயற வாசனையில உக்காந்து தைக்கறேன். எங்களுக்கு விழிப்புணர்வு இல்லையாம், வயித்தெரிச்சல்.

இருங்க, நான் இன்னும் முடிக்கல. எங்களுக்குத் தகவல் வரலைன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்கக்கா எழுதிப் போட்டா. கரண்ட் அடிக்கறதுக்குப் பதினோரு நாள் முன்னாடி. தூணு சுர்ருங்குது, யாராச்சும் வந்து பாருங்கன்னு எழுதி, நாங்க அளவு வெட்டற காக்கித் தாள்ல நாலா மடிச்சு அந்தப் பெட்டியில போட்டா. போட்டதை நான் இதே இடத்துல உக்காந்து, இந்தக் கண்ணால பாத்தேன். அவ ஒருத்தி மட்டும் இல்ல. பால்காரர் போட்டிருக்காரு, மூலை வீட்டுப் பாட்டி போட்டிருக்காங்க, வாத்தியார் ரெண்டு தடவை போட்டிருக்காரு. அதான் தெரு மொத்தமும் உங்க மேல கடுப்புல இருக்கு. இன்னைக்கு பத்து மணிக்கு எல்லாரும் ஏன் வர்றாங்கன்னு நினைக்கறீங்க? மாலை போடவா? தான் போட்ட காகிதம் பிரிக்காம கெடக்கறதைப் பாத்துட்டு, உங்களை நாலு வார்த்தை கேக்கறதுக்கு. அக்காவும் வர்றா. ஆறு மாசமா கடைப்பக்கம் வராதவ, இன்னைக்கு வர்றா. அவனுங்க என் கடிதத்தை எடுத்துப் படிக்கறதை நான் பாக்கணும்டின்னு நேத்து சொன்னா.

சரி, போங்க, போயித் திறங்க. நாலு எட்டுத்தானே, நான் இங்க இருந்தே பேசறேன், மிஷினை நிறுத்திடறேன்.

என்ன, முதல் திருப்புலயே திறந்துடுச்சா? துரு பிடிச்சிருக்கும்னு நினைச்சீங்க. எண்ணெய்க் குப்பி வேற வாங்கிட்டு வந்திருக்கீங்களா பாவம். தேவைப்படாது மேடம். மாசா மாசம் நான் மிஷின் எண்ணெய் விடறேன் அதுக்கு.

காலியாத்தான் இருக்கும். கைய விட்டுத் தேடாதீங்க, மூலையில சிலந்தி இருக்கு.

உள்ள வாங்க. சத்தம் போடாம வாங்க.

புதுப் பூட்டு வாங்கினா கடைக்காரன் எத்தனை சாவி குடுப்பான்? ரெண்டு. ஒண்ணு உங்க ஆபீஸ்ல. இன்னொண்ணு பெட்டிய மாட்டின அன்னைக்கே இந்த மிஷின் பலகை மேல இருந்துச்சு. குலுக்கு சார் மறந்துட்டுப் போனாரா, வெச்சுட்டுப் போனாரா, இன்னை வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கு முன்னாடி குழுவுல ஒரு பேச்சுப் பேசியிருந்தாரு. ஆத்துக்கு அந்தாண்ட ஏரியாவுல இதே மாதிரி பெட்டி வெச்சோம், பதினேழு புகார் விழுந்துச்சு, வெளிநாட்டுக்காரங்க விசாரணைன்னு உக்காந்துட்டாங்க, ரெண்டாங்கட்டக் குழாய் அங்க அப்படியே நின்னுபோச்சு, பாத்துக்கங்கன்னாரு. புகாரே இல்லாத ஏரியாவுக்குத்தான் முதல்ல வருமாம்.

ரெண்டாங்கட்டம்னா எது தெரியுமா? மேட்டு வரிசை. அறுபது வீடு. எங்கக்கா வீடு அதுல கடைசி. ஒரு நாளைக்கு ஆறு குடம், அந்த ஏத்தத்துல. அவ மூட்டு ரெண்டும் தேஞ்சு போயி, வெட்டற மேசைகிட்ட ஒரு கால் மாத்தி ஒரு கால்ல நிப்பா. நான் கேட்டேன், குழுவுல எல்லாரும் கேட்டாங்க, அப்ப பெட்டிய எப்படிங்க காலியா வெச்சுக்கறதுன்னு. சார் சிரிச்சாரு. அவ்வளவுதான். யாரும் யாருகிட்டயும் எதுவும் சொல்லல. ஏழு பேருக்கும் புரிஞ்சிருச்சு. எதிர்க்கடை என்னோடது, சாவி என் பலகையில.

பின்னே, குலுக்கினா காகிதம் சத்தம் போடுமே.

முதல்ல ஒண்ணு ரெண்டு படிச்சேன். தண்ணி லேட்டா வருது, சேறாகுதுன்னு. படிச்சா மனசு கேக்காது, அதனால அப்புறம் படிக்கறதில்ல. செவ்வாய்க்கு முந்தின நாள் சாயங்காலம் போறது, எடுக்கறது, டப்பாவுல போடறது. ரெண்டாங்கட்டம் வந்ததும் எல்லாத்தையும் மொத்தமா எடுத்துக் குடுத்துடலாம்னு கணக்கு. நிஜமாத்தான் சொல்றேன். கிழிச்சுப் போடணும்னு ஒரு நாளும் நினைச்சதில்ல.

அக்கா என்கிட்ட வாயாலயே சொன்னா. தூணைத் தொட்டா சுர்ருங்குதுடின்னு. நான் என்ன சொன்னேன்? ரெண்டாங்கட்டம் லிஸ்ட் அடுத்த மாசம், அது வரைக்கும் கொஞ்சம் பேசாம இரு, உனக்காகத்தான் சொல்றேன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தா. அந்த மேசையில நின்னே எழுதி, மடிச்சு, போயிப் போட்டுட்டு வந்து, எதுவும் நடக்காத மாதிரி துணி வெட்ட ஆரம்பிச்சுட்டா. அவ காக்கித் தாள், அவ வெட்டின ஓரம், எனக்குத் தெரியாதா. திங்கக்கிழமை வந்துச்சு, எடுத்தேன்.

ரெண்டாங்கட்டமா? அதைக் கேக்கறீங்களே. பணம் குடுக்கற அந்த நாட்டுல ஆட்சி மாறிடுச்சாம், இந்தப் பக்கம் இனிமே காசு இல்லைன்னுட்டாங்களாம். குலுக்கு சார் மாத்தல்ல போறப்ப, வண்டியில இருந்து இறங்காமலே சொல்லிட்டுப் போனாரு.

அப்படிப் பாக்காதீங்க என்னை. திட்டணும்னா திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா ரெண்டு வருஷம், முந்நூறு வீடு, ஒரு புகாரும் இல்ல. உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்காவது, இது எப்படிடான்னு ஒரு சந்தேகம் வந்துச்சா? சைபரைப் பாத்துட்டு நிம்மதியாத்தானே தூங்கினீங்க? நான் எடுத்தேன். நீங்க எடுக்க வெச்சீங்க. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லல. என்னோடது பெரிசு, எனக்குத் தெரியும்.

நேத்து வரைக்கும் எனக்கு வேற நினைப்பு. காலையில எல்லாத்தையும் திரும்பப் பெட்டிக்குள்ள தள்ளிடலாம். பிரிக்காம கெடக்கும், தெரு உங்க சட்டையைப் பிடிக்கும், நானும் நாலு கத்து கத்திட்டு வந்து மிஷின்ல உக்காந்துடலாம். ஆறு மாசமா அக்கா உங்களைத்தான் சபிக்கறா. கூடச் சேந்து நானும் சபிக்கறேன். ராத்திரி அவளுக்கு சோறு பிசைஞ்சு கையில குடுத்துட்டு, ரெண்டு பேரும் உக்காந்து உங்களைத் திட்டறோம். விடியக்காலம் டப்பாவைத் தூக்கிட்டுப் பெட்டி வரைக்கும் போயிட்டேன். கை வரல.

இந்தாங்க. நூல்கண்டு டப்பா. மேல நூல் இருக்கு, கிண்டினா அடியில இருக்கும். பதினாலு. காக்கித் தாள் ஒண்ணே ஒண்ணுதான், அது அவளோடது. நான் பிரிக்கல. பயமா இருந்துச்சு மேடம். என் தங்கச்சிகிட்ட சொன்னேன், குழுவுல இருக்கா, அவ கேக்கலைன்னு ஒரு வரி எழுதியிருந்தா?

நீங்க பிரிங்க. அதோ மேட்டுல இறங்கறா பாருங்க, கைய முந்தானையில சுத்தி மறைச்சுக்கிட்டு. அவகிட்ட நானே சொல்லிக்கறேன், அதுக்கு நீங்க வேணாம். அவ ஸ்டூலைக் கொஞ்சம் வாசப்பக்கம் நகத்திப் போட்டுட்டுப் படிங்க. எல்லாம் படிச்சுக் காட்ட வேண்டாம். என்னைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காளான்னு மட்டும் சொல்லுங்க.