தக்காளி இல்லாத குழம்பு

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில், பேண்டேஜ் கம்பெனி வேலை முடிந்து ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் கையில் மடித்த செய்தித்தாள் இருந்தது.

“யக்கா, எங்க வீட்டுப் பட்டினியச் சமையல் குறிப்பாப் போட்டுட்டாக.”

“என்னட்டி சொல்ற?”

“போன வாரம் சந்தையில ஒரு நிருபர் வந்து, தக்காளி விக்கிற விலைக்கு எப்படிச் சமாளிக்கிறீகன்னு கேட்டாருல்ல. புளியும் மிளகாயும் கரைச்சு ஊத்துறேன், பருப்பு போட்டு மாசக்கணக்காச்சுன்னேன். அம்புட்டையும் எழுதிக்கிட்டாரு.”

“எங்க போட்டிருக்கு?”

“கோலப்போட்டிக்குக் கீழ. ‘தக்காளி இல்லாமலே மணக்கும் குழம்பு’ன்னு. படத்துல இருக்கது எங்க வீட்டுக் குழம்பு இல்ல. அதுல முருங்கைக்காய் கெடக்கு.”

அந்தப் படத்தைக் காலையில் நானும் பார்த்தேன். வாயூறத்தான் செய்தது.

மூத்தவள் பேப்பரை வாங்கினாள். “நல்லெண்ணெய் நாலு கரண்டின்னு இருக்கே?”

“அது அவுகளாப் போட்டது. நான் எண்ணெயே சொல்லல. கடைசி வரியப் படிங்கக்கா.”

மூத்தவள் விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். “நான்கு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.” பிறகு நிமிர்ந்தாள். “உங்க வீட்ல நாலு பேருதான?”

“நாலு பேருதான். மூணு பேருக்குத்தான் காணும், ராத்திரி நான் சாப்பிடுறதில்லன்னு சொன்னேன்க்கா. அதையும் எழுதத்தான் செஞ்சாரு.”