தூண்களின் நிழல்

மயிலாப்பூரிலிருந்து கோடம்பாக்கம் போகும் மாலை பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பேர். சினிமா செட்டுக்குப் பின்னணித் திரை தீட்டுகிறவர்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“சூரியனையே அந்தப் பக்கம் மாத்திட்டாங்க, நைனா” என்றார் வயதில் மூத்தவர்.

“இன்னா சொல்றே?”

“அரமனைத் திரைல தூணுக்கெல்லாம் நெழலை வலப்பக்கமா தீட்டினேன். கேமராக்காரரு லைட்டை எடம் மாத்திட்டாரு. இப்ப ஹீரோ நெழலு இடப்பக்கம் விழுது.”

“லைட்டைத் திருப்பி வைக்கச் சொல்லேன்.”

“அந்தக் கன்னந்தான் ஹீரோவுக்கு எடுப்பா கீதாம்.”

“சர்தான். அரமனைதான் திரும்பணும்.”

“சிரிக்காதே. காலைல ஷூட்டிங். ராவோட ராவா எல்லாத் தூணு நெழலையும் மாத்தித் தீட்டலேன்னா என் வேலை காலி.”

தி. நகர் வந்தது.

“உன் ஸ்டாப்பு நைனா, எறங்கு.”

இளையவர் எழுந்திருக்கவில்லை.

“பாதித் தூணு என்னுது” என்றார். “நகந்து குந்து.”