தாழ்ந்த படி

வீட்டில் ஒரு பழுது இருந்தால் சரிசெய்வது தப்பா, அதிகாரி ஐயா? நான் செய்ததும் அவ்வளவுதான். தொழுவத்தில் கிடந்த பலகைக்கல்லைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

கீழே தொழுவமும் மேலே குடியிருப்புமாக எங்கள் கோபுரவீட்டைக் கட்டிய பாட்டனார் வெகு கெட்டிக்காரர். ஆள் படுக்கும் அகலத்துக்குச் சுவர், வாசலில் இரும்புக் கிராதி. அதுவும் போதாதென்று சுழல்படியில் ஒரு படியை மட்டும் வேண்டுமென்றே தாழ்த்தி வைத்தார். இருட்டில் ஏறிவரும் மாட்டுக் கொள்ளையன் அங்கே தடுக்கி விழுவான். வீட்டு ஆட்களின் கால்களுக்கு அது நாள்பட்ட பழக்கம், விளக்கே வேண்டாம்.

அண்ணன் ரிங்கனுக்கு மேல்மாடி, கணப்பு, மான்கறி. தம்பி சைமனாகிய எனக்குக் கீழே மாடுகளோடு படுக்கை. போன பனிக்காலத்தில் இருமல் தாங்காமல் மேலே ஒரு மூலை கேட்டேன்.

"ஏண்டா, மாட்டுச் சூடு போதலையா? நீ மேல வந்துட்டா பாவம், அதுங்க ஏங்கிப்போயிடும்," என்றான்.

அண்ணி மேரியன் விழுந்து விழுந்து சிரித்தாள். "இருங்க தம்பி, எனக்கு வாரிசு பொறக்கட்டும். தொட்டில் ஆட்ட உங்களைத்தான் கூப்பிடுவோம்."

என்ன பெரிய மனசு பாருங்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பனிக்காலம் தொடங்கும் மார்ட்டின் திருநாள் விருந்து முடிந்து மதியம் இருவரும் அயர்ந்திருந்தார்கள். அந்தத் தாழ்ந்த படிமேல் ஒரு பலகைக்கல்லைப் பொருத்தினேன். படிகளெல்லாம் ஒரே சீராகிவிட்டன. பிறகு முற்றத்துக்கு வந்து, "அண்ணே, மாடு போச்சு!" என்று கத்தினேன். இந்த ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் பெண்டாட்டி போனாள் என்றால் செருப்பைத் தேடுவார்கள். மாடு போச்சு என்றால் வெறுங்காலோடு ஓடிவருவார்கள்.

அண்ணனின் கால் பழைய பள்ளத்தைத் தேடியிருக்கிறது. அங்கே கல் இருந்தது. நான் உள்ளே போனபோது கழுத்து திரும்பிப் படியடியில் கிடந்தான். படி நேராக இருந்ததற்கு நானா பொறுப்பு?

சத்தம் கேட்டு அண்ணியும் இறங்கினாள். நிறைமாதம். "என்னங்க, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தாள். பார்த்து வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் பேசும்போது, தொழுவத்தில் படுப்பவன் குறுக்கிடுவது மரியாதையா? இருவரையும் சேர்த்தே அடக்கம் செய்தோம்.

இப்போது மேல்மாடியில்தான் படுக்கிறேன். இருமல் குறைந்திருக்கிறது. யாரையும் கொல்லும் எண்ணமே எனக்குக் கிடையாது ஐயா, பழுதைத்தான் பார்த்தேன். பிறகு ஏன் அன்று மாலையே அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்தேன் என்கிறீர்களா?

அந்தப் படியில் நானும் தினமும் இறங்க வேண்டாமா?